பட்டினி கிடந்த குழந்தைக்கு முதல்ல சோறு இல்ல, அளவு: டார்ஃபூருக்குப் போற நர்ஸுங்களுக்கு

எலும்பும் தோலுமா ஒரு குழந்தையைத் தூக்கிட்டு வந்தா நம்ம கை உடனே சோத்துப் பானைக்குத்தான் போகும், பெத்த மனசு அப்படித்தான், ஆனா அந்த அவசரத்துல வயிறு முட்ட ஊட்டிட்டா அன்னைக்கு ராத்திரியே குழந்தை போயிடலாம். நிவாரண வேலைக்கு சூடான் நாட்டோட மேற்குல இருக்கிற டார்ஃபூருக்குப் போற நம்ம புள்ளைங்க சிலர், இப்படிப்பட்ட குழந்தையை எப்படிப் பாக்கணும்னு கேட்டாங்க, அவங்களுக்காகத்தான் இது.

அங்க சண்டை ஆரம்பிச்சது ஏப்ரல் 2023ல. ஆகஸ்ட் 2024ல டார்ஃபூர்ல இருந்த ஜம்ஜம் அகதி முகாம்ல பஞ்சம்னே உறுதி பண்ணிட்டாங்க. பக்கத்துல எல் ஃபாஷர் நகரத்தை ஒரு வருஷத்துக்கு மேல முற்றுகை போட்டு வச்சிருந்தப்போ ஜனங்க அம்பாஸ் தின்னாங்க, அதாவது நம்ம ஊர்ல மாட்டுக்கு வைக்கிற அதே கடலைப் புண்ணாக்கு. கடலை விளையிற நாடு அது, எண்ணெய் எடுத்த சக்கைதான் குழந்தைக்குக் கிடைச்சுது, இதை எழுதும்போதே வயித்தைப் பிசையுது.

சரி, வேலைக்கு வருவோம். மேல்கையோட சுற்றளவை அளக்க மியூவாக் பட்டைன்னு ஒரு கலர் பட்டை குடுப்பாங்க, 6 மாசத்துலருந்து 5 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு. இடது கையை மடக்கி தோள்பட்டை நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவுல ஒரு புள்ளி வைங்க, அப்புறம் கையைத் தொங்க விட்டு அந்த இடத்துல பட்டையைச் சுத்துங்க, இறுக்கவும் கூடாது தொளதொளன்னும் இருக்கக் கூடாது. 12.5 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா பச்சை, 11.5க்குக் கீழ போனா சிவப்பு, கடும் ஊட்டச்சத்துக் குறைவு, நடுவுல மஞ்சள்.

பட்டையை மட்டும் நம்பி விட்டுடாதீங்க ப்ளீஸ். ரெண்டு புறங்காலையும் கட்டை விரலால மூணு செகண்ட் அழுத்திப் பாருங்க, எடுத்ததுக்கு அப்புறமும் ரெண்டு கால்லயும் குழி அப்படியே நின்னா அது நீர் கோத்த வீக்கம், கை அளவு பச்சையா இருந்தாலும் கடும் கேஸ்தான். அம்மா "இப்பதான் கொஞ்சம் சதை போட்டிருக்கான்"னு சந்தோஷமா சொல்லுவாங்க, திட்டாதீங்க, பக்கத்துல உக்காந்து காட்டிப் புரிய வைங்க.

கடும் கேஸ்னு தெரிஞ்சா அப்புறம் பசி டெஸ்ட், அதாவது குழந்தை தானா சாப்பிடுதான்னு பாக்குறது. ஆர்யூடிஎஃப்னு அப்படியே சாப்பிடுற சத்துப் பசை பாக்கெட் (ப்ளம்பி நட்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்) ஒன்னைப் பிரிச்சு அம்மா கையாலயே ஊட்டச் சொல்லுங்க. வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், கூட விட்டமினும் தாதுச்சத்தும், 92 கிராம்ல 500 கலோரி. கரைக்கவோ காய்ச்சவோ வேணாம், தண்ணியே சேராததால கிருமி சீக்கிரம் வளராது, அழுக்குத் தண்ணி ஊருல இது எவ்வளவு பெரிய விஷயம்னு போனா தெரியும். ஆனா குடிக்க சுத்தமான தண்ணி பக்கத்துலயே இருக்கணும். நல்லா சாப்பிட்டு காய்ச்சல், வாந்தி, வீக்கம்னு எதுவும் இல்லாம தெம்பா இருந்தா வீட்டுக்கே குடுத்து அனுப்பலாம், 7 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு சுமாரா 2லருந்து 3 பாக்கெட், வாரா வாரம் திரும்ப அளக்கணும்.

சாப்பிடலைன்னா, சோர்ந்து கிடந்தா, அழக்கூட தெம்பில்லைன்னா வார்டுல சேர்த்துடுங்க. கவனம் இங்கதான் வேணும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பு எல்லாத்தையும் குறைச்சு ஓட்டிட்டிருக்கும், திடீர்னு நிறைய சாப்பாடு போனா ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள்ள ஓடிடும், இதயம் தாங்காது. அதனால முதல் சில நாள் எஃப்-75னு மருத்துவப் பால், 100 மில்லிக்கு 75 கலோரிதான், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா, ராத்திரியும் விடக்கூடாது. ராத்திரியிலதான் சர்க்கரை இறங்கி உடம்பு ஜில்லுன்னு ஆகும், அம்மா நெஞ்சோட ஒட்டி வச்சு போர்த்தி விடுங்க. பசி வந்து வீக்கம் வடிய ஆரம்பிச்சதும் சத்து கூடின எஃப்-100 பாலுக்கோ ஆர்யூடிஎஃப் பாக்கெட்டுக்கோ மெல்ல மாத்தலாம்.

பேதி ஆனா சாதா ஓஆர்எஸ் எடுத்துக் குடுத்துடாதீங்க, அதுல உப்பு இந்தக் குழந்தைக்கு அதிகம், உப்பு குறைச்ச கரைசல் ரீசோமால்னு தனியா இருக்கு. காலரான்னா மட்டும் சாதா ஓஆர்எஸ்தான். டிரிப் ஏத்துறது ஷாக்ல, அதாவது ரத்த ஓட்டம் சரிஞ்சு கிடக்கிற குழந்தைக்கு மட்டும், அதுவும் டாக்டர் பக்கத்துல இருக்கும்போது.

6 மாசத்துக்குள்ள இருந்தா பாக்கெட் கிடையாது, தாய்ப்பால்தான், அம்மாவுக்கு சாப்பாடு போடுங்க. ஊர்லருந்து பால் டின்னு அனுப்பலாமான்னு கேக்குறவங்களுக்கும் இதே பதில்தான், காய்ச்ச விறகு இல்லாத இடத்துல பாட்டில் பால் பேதியைத்தான் கொண்டுவரும்.

இன்னொன்னு, ஒரு பட்டையை அம்மா கையிலயே குடுத்து அளக்கக் கத்துக்குடுங்க. எல் ஃபாஷர்லருந்து ஜனங்க தஞ்சம் தேடிப் போற தவிலா ஊருக்கு சுமார் 60 கிலோமீட்டர், நடந்தே வர்றாங்க, அடுத்த வாரம் அவங்க எங்க இருப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. தேதியும் அளவும் எழுதின சீட்டு, முடிஞ்சா ரெண்டு வாரத்துப் பாக்கெட், எல்லாத்தையும் அன்னைக்கே கையில குடுத்துடுங்க, அடுத்து எந்த முகாமுக்குப் போனாலும் அங்க இருக்கிற நர்ஸ் விட்ட இடத்துலருந்து தொடருவாங்க.