பரபரப்பான நாளுக்குள் சுவரேற்றப் பயிற்சி: மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிமுறை

மதுரையில் சுவரேற்றப் பயிற்சியை, அதாவது சுவரில் பொருத்திய பிடிகளைக் கையாலும் காலாலும் பற்றி ஏறும் பயிற்சியை, விடாமல் செய்ய விரும்புகிறவர், பயிற்சிக்கான நேரத்தைக் கணக்கிடும் முன் பயணத்துக்கான நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஒத்தக்கடையில் குடியிருந்து காளவாசல் பக்கம் வேலை பார்க்கும் ஒருவர், மாலை ஆறரை மணி நெரிசலில் கோரிப்பாளையத்தைக் கடந்து வேறோர் இடத்துக்குப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வீடு திரும்புவதென்றால், முக்கால் மணி நேரப் பயிற்சிக்காக இரண்டு மணி நேரத்தை ஒதுக்க வேண்டியிருக்கும். இரண்டு வாரங்களில் அந்த ஏற்பாடு நின்றுபோகும். ஆகவே, சிறியதாக இருந்தாலும் ஒரு சுவரை வீட்டுக்குள்ளேயே அமைத்துக்கொள்வதுதான் இந்த ஊர் வாழ்க்கைக்குப் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு ஏற்ற வகை, கயிறு இல்லாமல் தாழ்வான சுவரில், கீழே மெத்தை விரித்து ஏறும் போல்டரிங். ஒலிம்பிக் வேகப் போட்டிச் சுவரின் உயரம் 15 மீட்டர். போல்டரிங்குக்கு அத்தகைய உயரம் தேவையே இல்லை. கடினமான ஒரு முயற்சி அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு, தசையில் உடனடியாகச் செலவாகும் ஆற்றல் மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியைக் குறைத்தால் மூச்சு வாங்குமே தவிர, பிடிமானம் வளராது. ஆக, நாற்பது நிமிடப் பயிற்சியில் சுவரின் மேல் இருக்கும் நேரம் ஆறேழு நிமிடங்களைத் தாண்டாது, மீதியெல்லாம் ஓய்வு. காலை நேரத்தில் நாம் எப்படியும் செய்தாக வேண்டிய சிறு வேலைகளை அந்த ஓய்வுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதால், நேரம் துண்டு துண்டாகவே கிடைக்கும் வீட்டில்கூட இந்தப் பயிற்சி நிலைக்கும்.

சுவரை எங்கே வைப்பது என்பதில் அவசரப்படக் கூடாது. மொட்டை மாடித் தகரக் கொட்டகை முதலில் தோன்றும் இடம். ஆனால் சித்திரை, வைகாசியில் அதற்குள் நிற்கவே முடியாது, மழைச் சாரலில் பலகையும் ஊறிப் பிளந்துவிடும். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று போதும். எட்டடிக்கு நாலடி அளவுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் பலகைகள் இரண்டை அடுத்தடுத்து நிறுத்தி, செங்குத்திலிருந்து 30 பாகை முன்னோக்கிச் சாய்த்தால், உயரம் ஏறத்தாழ ஏழடியும் முன்னால் நீளும் ஆழம் நாலடியும் வரும். கால் வைப்பதற்கு அடியில் ஓரடிப் பலகை சேர்த்தாலும் மொத்தம் எட்டடிதான். பத்தடிக் கூரைக்குக் கீழே தலைக்கு இடம் மிஞ்சும். தொடக்கக்காரருக்கு இதைவிடச் சாய்வு வேண்டாம்.

பலகையைத் தாங்கும் சட்டத்தை நாலரை அங்குலச் செங்கல் சுவரில் பிளக் அடித்துத் தொங்கவிடக் கூடாது. ஆள் எடை இழுக்கும்போது பூச்சோடு பெயர்ந்து வரும். வெல்டிங் பட்டறையில் இரும்புச் சதுரக் குழாயில், தரையில் அகலமாக ஊன்றி நிற்கும் தனிச் சட்டமாகச் செய்துகொள்வது நல்லது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துச் செல்லவும் அதுவே வசதி. பலகையில் 20 செ.மீ. இடைவெளியில் துளைகள் இட்டு, பின்புறமிருந்து டி-நட்டுகளை (பலகைக்குள் பதிந்து நிற்கும் மரையுள்ள நட்டுகள்) அடித்துவிட்டால், 10 மி.மீ. போல்ட் மூலம் பிடிகளை விரும்பியபடி இடம் மாற்றலாம். தொடக்கத்தில் பெரிய பிடிகளை மட்டும் ஆன்லைனில் வாங்கிக்கொண்டு, மற்றவற்றைத் தச்சுப் பட்டறையில் மிஞ்சும் தேக்குத் துண்டுகளில் செய்துகொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். விளிம்புகளை உருட்டி, உப்புத்தாளால் தேய்த்த மரப்பிடி, ரெசின் பிடியைவிடத் தோலுக்கு இதமானது. அவற்றை இரண்டு திருகாணிகள் கொண்டு பொருத்த வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பிடி கையில் சுழலும்.

மெத்தையில் சிக்கனம் பார்க்காதீர்கள். கீழே மென்மையான ஃபோம், அதன் மேல் அடர்த்தியான ஃபோம் என அரையடிக்குக் குறையாத கனத்தில் அடுக்கி, பலகையின் மேல் விளிம்புக்கு நேர்கீழே நின்றுவிடாமல் இன்னும் மூன்று நான்கு அடி வெளியே நீளும்படி விரிக்க வேண்டும். இரு மெத்தைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் கால் இறங்கினால் கணுக்கால் பிசகிவிடும். ஆகவே முழுவதையும் ஒரே தார்ப்பாயால் இறுக்கி மூடுங்கள். கீழ் வீட்டில் ஆள் இருந்தால், உச்சியிலிருந்து குதிக்காமல் பிடி பிடியாக இறங்கி வாருங்கள். அது கால் வைப்பையும் செம்மைப்படுத்தும்.

வாரத்துக்கு மூன்று நாட்கள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு: திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொள்ளலாம். எழுந்து காபி குடித்ததும் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுங்கள். தோள்களைச் சுழற்றி, மாடிப்படியை ஏறி இறங்கி, பிறகு மிகப் பெரிய பிடிகளில் மட்டும் மெல்ல நகருங்கள். அடுத்த அரை மணி நேரத்தில் எட்டு முதல் பத்து முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் துணி மடிப்பது, பிள்ளையின் பள்ளிப் பையைச் சரிபார்ப்பது, சட்டைக்கு இஸ்திரி போடுவது போன்ற ஏதேனும் ஒரு வேலை. பாத்திரம் கழுவுவதையும் குளிப்பதையும் பயிற்சிக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள், ஏனெனில் நீரில் ஊறிய விரல் தோல் வழுக்கும், எளிதில் கிழியவும் செய்யும். இடைவெளி கால் மணி நேரத்துக்கு நீண்டுவிட்டால் விரல்கள் ஆறியிருக்கும். மறுபடியும் பெரிய பிடியிலிருந்து தொடங்க வேண்டும். மாசி வீதிகளில் கடை வைத்திருப்பவர்கள் இரவில் கடை அடைத்த களைப்போடு ஏற முயல்வதைவிட, கடை திறக்கும் முன் உள்ள காலை நேரத்தைப் பயன்படுத்துவது மேல்.

காலையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு வெக்கையும் ஒரு காரணம். கோடையில் 40 டிகிரியை ஒட்டிச் செல்லும் ஊரில், பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட் கூரை இரவிலும் அனலை வெளியிட்டுக்கொண்டிருக்கும். வியர்த்த விரலில் மக்னீசியம் கார்பனேட் பொடி எவ்வளவு பூசினாலும் பிடி நிற்காது. ஐந்தரை மணிக்கு மின்விசிறியைப் பிடிகளின் பக்கம் திருப்பி வைத்து ஏறிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

விரல்களைப் பற்றி மிகக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். தசை சில வாரங்களிலேயே வலுவடைகிறது. தசைநாண்களும் அவற்றை எலும்போடு அணைத்து வைத்திருக்கும் பட்டைகளும் வலுவடைய மாதக் கணக்கில் ஆகும். தோளும் முதுகும் தயாராகிவிட்ட உற்சாகத்தில் சிறு விளிம்புகளை விரல் மடக்கி நெரித்துப் பிடிப்பவர்களுக்கே மோதிர விரலின் அடிப்பகுதியில் அந்தப் பட்டை கிழிகிறது. முதல் ஆண்டு முழுவதும் விரல்களைத் திறந்த நிலையில் வைத்துப் பிடிக்கப் பழகுங்கள். விரலால் மட்டும் தொங்கும் பலகைப் பயிற்சி அதற்குப் பின் இருக்கட்டும். விரலில் ஓர் இடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் அன்று ஏறாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் தாராளமாக ஏறலாம், ஆனால் பெரிய பிடிகளில் மட்டும். வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு மிக எளிதில் சேதமடையும்.

கைகள் ஓரளவு தேறியதும் ஆனைமலை கண்ணில் படும். மேலூர் சாலையில் போகும் எவருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் அங்கே சமணர் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. பொடி பூசிய கையோடும் பாறையில் அடிக்கும் இரும்பு ஆணிகளோடும் அந்தப் பாறையை நெருங்குவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. உயரமான சுவரும் கயிற்றுப் பயிற்சியும் வேண்டுமென்றால், சில மாதங்களுக்கு ஒருமுறை இரவுப் பேருந்தில் பெங்களூரு சென்று ஒரு வார இறுதியைப் பயிற்றுநர் உள்ள இடத்தில் செலவிடலாம்.

சித்திரைத் திருவிழாவில் வீடு உறவினரால் நிறையும்போது அந்த அறையிலும் பாய் விரிக்க நேரும். வாரம் ஒரு நாள், இருபது நிமிடம் கிடைத்தாலும் அதைச் செய்துவிடுங்கள். முழுவதுமாக நின்று மூன்று வாரம் ஆகியிருந்தால், திரும்பும் முதல் வாரத்தில் பழைய கடினமான வழிகளைத் தொடாமல் பெரிய பிடிகளில் மட்டும் ஏறுங்கள். அதற்கு முன் போல்ட் முடுக்கும் சாவியை எடுத்து எல்லா போல்ட்டுகளையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.