93 போட்டால் மைலேஜ் ஏறுமா? பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் புதிதாக பிக்கப் டிரக் வாங்கியவர்கள் கேஸ் ஸ்டேஷனில் தடுமாறும் இடம் ஒன்றுதான். பம்பில் 87, 89, 93 என்று மூன்று பட்டன்கள். ஆசை ஆசையாய் வாங்கிய வண்டி, மட்டமானதைப் போட மனசு வருமா? 93-ஐ அழுத்திவிட்டு, "மைலேஜாவது கூடக் கிடைக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். முதல் தவறு இங்கேதான்.

பட்டனில் இருக்கும் அந்த ஆக்டேன் எண் பெட்ரோலின் சத்தைச் சொல்லும் எண் அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே எரிபொருள் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு அது. தாங்காவிட்டால் 'நாக்கிங்': சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பது போல இன்ஜினிலிருந்து சடசடவென்று சத்தம் வரும். எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் பம்பில் விற்கும் எந்த பிரீமியத்தையும் (93 போன்ற உயர்ந்த ரகம்) விட அதிகம். ஆனால் ஒரு கேலனில் இருக்கும் ஆற்றலோ பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் எத்தனால் அதிகம் கலந்த இ85 விலை மலிவாய் இருக்கிறதே என்று நிரப்பினால் மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் வரை அடிவாங்குகிறது.

சரி, அப்படியானால் ஆக்டேனுக்கும் மைலேஜுக்கும் சம்பந்தமே இல்லையா? சில இன்ஜின்களில் உண்டு. இப்போதைய இன்ஜின்களில் நாக் சென்சார் இருக்கிறது. சடசடப்பு தொடங்கும்போதே கம்ப்யூட்டர் ஸ்பார்க் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இன்ஜின் தப்பிக்கும், இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். 87-க்கென்றே வடிவமைத்த இன்ஜினில் சாதாரண ஓட்டத்துக்கு இந்தத் தள்ளிப்போடல் பெரிதாகத் தேவைப்படாது. அதில் 93 ஊற்றினால் செலவுதான் கூடும். ராம் பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினுக்கு 89 பரிந்துரை, 87-ம் ஏற்கும். ஜிஎம்மின் 6.2 லிட்டர் வி8-க்கு பிரீமியம் பரிந்துரை. ஃபோர்டின் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இன்ஜினுக்கு 87 போதும், டிரெய்லர் இழுக்கும் கடின வேலைக்கு மட்டும் பிரீமியம் நல்லது என்கிறார்கள்.

கையேட்டில் 'பரிந்துரை' என்பதையும் 'கட்டாயம்' என்பதையும் ஒன்றாகப் படிப்பது இரண்டாவது தவறு. கட்டாயம் என்றால் பேச்சே இல்லை, போட்டாக வேண்டும். பரிந்துரை என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளை ட்ரிபிள் ஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2017-ல் சோதித்தது. மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது. அதிகபட்சம் கேடிலாக் எஸ்கலேடில், 7.1 சதவீதம். அதிலும் 6.2 லிட்டர் வி8 தான்.

87-ன் விலை 3.20 டாலர், பிரீமியம் 4.10, வண்டி 87-ல் கேலனுக்கு 18 மைல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 87-ல் நூறு மைலுக்கு 17.78 டாலர். பிரீமியத்தில் 2.7 சதவீதம் கூடினால் 22.18. எஸ்கலேடு போல 7.1 கூடினால்கூட 21.27. மைலேஜ் ஏறியது உண்மை, பர்ஸ் இளைத்ததும் உண்மை! ஆனால் கோடை வெயிலில் டிரெய்லரோடு மலை ஏறுகிறீர்கள் என்றால் நான் இந்தக் கணக்கைப் பார்க்க மாட்டேன். அன்றைக்கு 93 தான்.

உயரமான இடத்தில் இருக்கும் டென்வர் பக்கம் போனால் 'ரெகுலர்' என்ற பெயரில் 85 இருக்கும். உயரத்தில் காற்று மெலிது, சிலிண்டரில் அழுத்தம் குறைவு, அதனால் போதும் என்பது கார்புரேட்டர் காலத்து நியாயம். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் இன்றைய டர்போ இன்ஜின் அந்த அழுத்தத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். டேங்க் நிறைய 85-ஐப் போட்டுக்கொண்டு கான்சாஸ் சமவெளிக்கு இறங்கினால் இன்னும் மோசம். கையேடு 87 என்றால் அங்கேயும் 87 தான்.

இன்னொரு குழப்பம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு. "எங்க ஊர்லயே 91, இங்க 87 தானா?" என்பார்கள். ஆக்டேனை அளக்க ஆர்ஓஎன், எம்ஓஎன் என்று இரண்டு முறைகள் உண்டு. இந்தியாவில் எழுதுவது ஆர்ஓஎன். அமெரிக்க பம்பில் இருப்பது இரண்டின் சராசரி. அங்கே 91 என்பது இங்கே கிட்டத்தட்ட 87. (ஊரில் 'பிக்கப்' என்றாலே வண்டியின் இழுவைதான். இங்கே வண்டியின் பெயரே அது.)

பலர் ஏமாறுவது அளப்பதில். நண்பர் ஒருவர் ஜனவரி முழுக்க 87 போட்டார், ஏப்ரலில் 93-க்கு மாறினார், மைலேஜ் ஏறியதும் ஆக்டேனுக்கு நன்றி சொன்னார். குளிர்காலப் பெட்ரோலில் ஆற்றலே சற்றுக் குறைவு. அதோடு வெப்பம் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கினால், 77 டிகிரியில் கிடைக்கும் மைலேஜில் நகர ஓட்டத்தில் சுமார் 15 சதவீதம் போய்விடும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே பருவம், ஒரே பாதை, ஒரே பம்ப். பம்ப் தானாக நின்றதும் விட்டுவிடுங்கள், மேலே மேலே அமுக்காதீர்கள். ரசீதின் பின்பக்கம் ஓடோமீட்டர் எண்ணை எழுதி வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று டேங்காவது ஓட்டிப் பாருங்கள். அவரிடமும் அதைத்தான் சொன்னேன். மே மாதம் 87-க்குத் திரும்பினார். மைலேஜ் இறங்கவில்லை.