பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்: தமிழ் டைப்பிங் முதல் பேக்கப் வரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ் டைப்ரைட்டிங் தேர்வில் லோயர், ஹையர் இரண்டையும் பழைய மெஷினில் அடித்துத் தேறியவள். இப்போது கடையில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்தான் ஓடுகிறது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். போன மாதம் போன் செய்து, "ஏம்மா, விண்டோஸ் 10 இனிமேல் ஆகாதாமே, இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?" என்று கேட்டார். வேண்டாம் பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்றேன். அன்று செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் உதவும்.

அவர் கேட்டதில் தவறில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அவருடைய நான்காம் தலைமுறை ஐ3 அதன் பட்டியலிலேயே கிடையாது. ஆனால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடிதம் எழுத, பென்ஷன் விவரம் பார்க்க, பேரனோடு வீடியோவில் பேச அது தாராளமாகப் போதும். ஒரே ஒரு செலவு செய்யச் சொன்னேன்: 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, அதாவது ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க். பழைய கம்ப்யூட்டருக்கு அதைவிடப் பலன் தரும் செலவு எனக்குத் தெரியவில்லை.

எஸ்எஸ்டி வாங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி அப்படியே விட்டுவிட்டுப் புது டிஸ்க்கில் மின்ட்டைப் போட்டால், பழைய கோப்புகள் மேல் நம் கை படவே படாது. இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு' என்ற இடத்தில்தான் பலர் தவறு செய்து எல்லாவற்றையும் இழக்கிறார்கள். பழைய டிஸ்க் இணைப்பிலேயே இல்லை என்றால் அந்தப் பயமே இல்லை.

மின்ட் மூன்று வடிவங்களில் வருகிறது: சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ. 4 ஜிபி ரேமுக்கு நான் எக்ஸ்எஃப்சிஇதான் போடுவேன். 8 ஜிபி இருந்தால் சினமன் போடலாம், பார்வைக்கு அழகாக இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். அவர்களுடைய தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி இருக்கும். அதை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற விண்டோஸில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் போதும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே எஃப்12 அல்லது எஃப்9, சில மெஷினில் எஸ்கேப், தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டுங்கள்.

இப்போது மின்ட் திரையில் வந்துவிடும். ஆனால் இன்னும் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை, பென் டிரைவிலிருந்துதான் ஓடுகிறது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். கடைக்கு முதல் முறை மின்ட் போட்டபோது நான் இதைச் செய்யவில்லை. எல்லாம் முடித்துவிட்டு மறுநாள் காலை கடையைத் திறந்தால், என்னுடைய பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவரே சரியாக இல்லை. விண்ணப்பம் அடிக்க ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அன்று முழுக்கப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பென் டிரைவில் ஓடும்போதே பார்த்திருந்தால் அந்த நாள் வீணாகி இருக்காது. புதிதாகப் பிரிண்டர் வாங்குவதாக இருந்தால், டிரைவர் இல்லாமலே நெட்வொர்க்கில் வேலை செய்யும் வகையாகப் பாருங்கள். ஹெச்பி பிரிண்டர்களுக்கு ஹெச்பிலிப் என்ற மென்பொருள் இருப்பதால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது.

எல்லாம் சரி என்றால், டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானைத் தட்டுங்கள். மொழி கேட்கும். தமிழும் இருக்கிறது. ஆனால் பெரியப்பாவுக்கு மெனுவை ஆங்கிலத்திலேயே விட்டேன். தமிழாக்கம் எல்லா இடத்திலும் முழுமையாக இல்லை. அதைவிட, நாளைக்கு அவர் போனில் சந்தேகம் கேட்டால் அவர் திரையிலும் என் திரையிலும் ஒரே சொல் இருக்க வேண்டும். கீபோர்டு கேட்கும் இடத்தில் 'இங்கிலீஷ், இந்தியா, ரூபாய் குறியுடன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்க ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ரூபாய் குறி விழும். மல்டிமீடியா கோடெக் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், பாட்டும் வீடியோவும் பிறகு தகராறு செய்யாது. எஸ்எஸ்டியில் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ரீஸ்டார்ட் ஆனதும் அப்டேட் மேனேஜரைத் திறந்து வருவதையெல்லாம் ஏற்றுங்கள். அப்புறம் தமிழ். இதைச் சரியாகச் செய்யாத வீட்டில் லினக்ஸ் ஒரு மாதம்கூட நிற்காது என்பது என் அனுபவம். ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வந்துவிடுகின்றன, அவற்றுக்காக யாரும் தடுமாறுவதில்லை. தமிழில் நாலு வரி அடிக்க முடியவில்லை என்றால்தான் மனசு விட்டுப்போய் 'பழையதையே போட்டுக் கொடு' என்கிறார்கள்.

சினாப்டிக் என்ற மென்பொருள் மின்ட்டிலேயே இருக்கும். அதில் தமிழில் அடிக்க உதவும் ஐபஸ், ஐபஸ் எம்17என் இரண்டையும் தேடி ஏற்றுங்கள். மெனுவில் 'இன்புட் மெத்தட்' என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்க்கும்போது பல விசைப்பலகை அமைப்புகள் வரிசையாக வரும். டைப்பிங் சென்டரில் படித்தவர்களுக்கு 'டைப்ரைட்டர்' இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு 'போனடிக்'. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் தயங்காமல் தமிழ்99 சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ்பார் அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

டைப்ரைட்டர் மெஷினில் பழகிய என் கைக்கு முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. மெஷினில் புள்ளியை முதலில் அடித்து, அதற்குக் கீழே எழுத்தை அடிப்போம். தமிழ்99இல் எழுத்து முதலில், புள்ளி பின்னால். ஆனால் பாதிப் புள்ளிகளை நாம் அடிக்கவே வேண்டாம். பெரியப்பாவுக்கு அவருடைய ஊர்ப்பெயரை வைத்தே காட்டினேன். மஞ்சக்குப்பம் என்று அடிக்க: ம, ஞ, ச, க, க, உ, ப, ப, ம, கடைசியில் புள்ளி. பத்தே தட்டு. 'ஞ்ச'வில் புள்ளி தானாக விழுகிறது, 'க்கு'விலும் 'ப்ப'விலும் அப்படியே. கடைசி 'ம்' மட்டும் நம் கையால். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், பெரும்பாலான மெய்கள் வலக்கைப் பக்கம், அதனால் இரண்டு கையும் மாறி மாறிப் போகும். பப்பாளி மாதிரிச் சொல்லில் முதல் 'ப' அடித்ததும் ஓர் 'அ' தட்டிவிட்டால் அங்கே புள்ளி விழாது. பெரியப்பா நாலைந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டு, "இது புணர்ச்சி தெரிஞ்சவன் செஞ்ச விசைப்பலகைம்மா" என்றார். நாற்பது வருஷம் இலக்கணம் நடத்தியவர் வாயால் அதைக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எழுத்துருவுக்கு லோஹித் தமிழ், நோட்டோ, மீரா இனிமை மூன்றையும் சினாப்டிக்கிலேயே ஏற்றலாம். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் என்று போய், 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் எழுத்துருவையோ அளவையோ மாற்றினாலும் தமிழ் எழுத்து மட்டும் மாறாமல் நிற்கும். கடைக்கு வந்து பலர் கேட்கும் சந்தேகம் இது. பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அவற்றை ஒருமுறை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

மற்றதில் என் கடையில் தினம் ஓடுவதைச் சொல்கிறேன். சான்றிதழ்களை ஒன்று சேர்க்கப் பிடிஎஃப் அரேஞ்சர்: பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி இழுத்து இடம் மாற்றலாம். ஸ்கேன் செய்ய டாகுமெண்ட் ஸ்கேனர் கூடவே வருகிறது. அச்சடித்த தமிழ்ப் பக்கத்தைத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்ற ஜிஇமேஜ் ரீடர், கூடவே எழுத்தை அடையாளம் காணும் டெசராக்டின் தமிழ்த் தரவு. பக்கம் நேராகவும் 300 டிபிஐயிலும் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் ஆகியிருந்தால் திருத்த வேண்டியது குறையும். படம் பார்க்க விஎல்சி. வாட்ஸ்அப்புக்கு 'வெப் ஆப்ஸ்' என்று மின்ட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது. அதில் வாட்ஸ்அப் வெப் முகவரியைக் கொடுத்தால் மெனுவில் தனி ஐகானாக வந்துவிடும். போனிலிருந்து படம் மாற்ற கேடிஇ கனெக்ட்.

போட்டோவுக்கு கிம்ப். விண்ணப்பப் படம் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் என்றால், 300 டிபிஐயில் 413க்கு 531 பிக்சல். 4க்கு 6 அங்குலத் தாளில் படுக்கை வாட்டில் எட்டுப் படம் அடங்கும். 'படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும்' என்று விண்ணப்பங்களில் கேட்பார்கள், பிள்ளைகள் திணறிப்போவார்கள். கிம்ப்பில் ஜேபெக் ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போது 'ஷோ ப்ரிவ்யூ' கட்டத்தில் டிக் போட்டால், குவாலிட்டியைக் குறைக்கக் குறைக்க கோப்பின் அளவும் அங்கேயே மாறுவது தெரியும். 45 கேபி வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

டேலியில் கணக்கு எழுதுபவர்கள் அதற்கு ஒரு விண்டோஸ் மெஷினை விட்டுவையுங்கள். அதை லினக்ஸில் ஓட்டப் போராடுவது நேரத்துக்குக் கேடு.

இனி பேக்கப். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது. வெள்ளம் வடிந்த பிறகு, ஆற்றோரத்து அம்மா ஒருவர் சிபியூவை உரச்சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார். மூடியைத் திறந்தால் ஃபேனுக்குள் வண்டல் கட்டியாக இருந்தது. மகளின் பள்ளிக்கூட நாள் படங்கள் எல்லாம் அதிலேயே, வேறு எங்கும் இல்லை. டிஸ்க் சுழலவே இல்லை. எதுவும் செய்ய முடியாமல் சாக்கோடு திருப்பி அனுப்பினேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் சிபியூவைத் தரையில் வைக்காதீர்கள். டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் திறந்து, வாரம் ஒருமுறை சிஸ்டத்தைப் பிரதி எடுக்கும்படி வையுங்கள். ஏதாவது அப்டேட்டில் கோளாறு வந்தால் முந்தைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் காப்பது சிஸ்டத்தை மட்டும்தான், உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது வழக்கமாகத் தொடாது. டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். படங்களுக்கு வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டும். மின்ட்டில் பேக்கப் டூல் இருக்கிறது, அது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கும். பெரியப்பாவுக்கு நான் அதைப் போடவில்லை. தேதி பெயரிட்ட ஃபோல்டரில் நேராகக் காப்பி செய்யக் காட்டிக் கொடுத்தேன். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும், யார் திறந்தாலும் படம் படமாகத் தெரியும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஒயரை அதன் பிறகுதான் திரும்ப மாட்டினேன். மின்ட் அதை அப்படியே திறந்து காட்டியது. அவருடைய பாடக்குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் எஸ்எஸ்டிக்கு ஒரு பிரதி, வெளி டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுத்தோம். அந்த வெளி டிஸ்க்கை நான் கடைக்குக் கொண்டுவந்து, வேறு கம்ப்யூட்டரில் செருகி, பெரியம்மாவின் அறுபதாம் கல்யாணப் படம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். திறந்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தேதி எழுதி, மஞ்சக்குப்பத்து வீட்டுப் பரணில் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.