குமரி வெக்கைக்கு எந்த ஃபவுண்டேஷன்? சருமம் பார்த்து வாங்கும் முறை

நாகர்கோவிலில் கடை டியூப்லைட் வெளிச்சத்தில், புறங்கையில் ஒரு சொட்டு தடவிப் பார்த்து வாங்கிய ஃபவுண்டேஷன் (முக நிறத்தைச் சீராகக் காட்டும் பூச்சு), கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் திட்டுத் திட்டாகப் பிரிந்து சாம்பல் பூத்துவிடுகிறது. பலரும் விலை மலிவாக வாங்கியதால்தான் இப்படி என்று நினைத்து அடுத்த முறை இரண்டு மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். அதுவும் அப்படியே ஆகும். முதலில் பார்க்க வேண்டியது சருமத்தின் வகை, பிறகு ஃபார்முலா (பூச்சின் தயாரிப்பு வகை), கடைசியில்தான் ஷேட், அதாவது நிற அளவு.

சருமத்தைத் தெரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுது போதும். மென்மையான ஃபேஸ்வாஷால் முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் எதுவும் தடவாமல் இருங்கள். அந்த நேரத்தில் அடுப்படி வேலை வேண்டாம், ஏசி அறையும் வேண்டாம். பிறகு நெற்றி, மூக்கு, கன்னம், தாடை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிஷ்யூ எடுத்து அழுத்தி ஒற்றுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வேர்வையையும் எண்ணெயையும் குழப்பிக்கொள்வது சுலபம். அதனால் டிஷ்யூவைச் சற்று காயவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வேர்வை காய்ந்து மறைந்துவிடும். எண்ணெய் என்றால் ஒளி ஊடுருவும் கறை அப்படியே நிற்கும்.

நான்கிலும் கறை இருந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் என்றால் கலப்புச் சருமம். எதிலும் கறை இல்லாமல் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால், மூக்கோரம் செதில் தெரிந்தால், வறண்ட சருமம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த நாளில் இந்தச் சோதனை செய்யாதீர்கள்; எண்ணெய் நெற்றிக்கு இறங்கி முடிவை மாற்றிவிடும். முடி ஓரத்தில் மட்டும் பொடிப் பொடியாகப் பரு வருகிறவர்களுக்கும் பல சமயம் இதே எண்ணெய்தான் காரணம்.

இன்னொரு வகையும் உண்டு. பகல் முழுக்க ஏசியில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு முகம் மேலே பளபளக்கும், உள்ளே இழுக்கும். இது எண்ணெய் குறைந்த சருமம் அல்ல, நீர்ச்சத்து குறைந்த சருமம். இதை எண்ணெய்ச் சருமம் என்று எண்ணி, பளபளப்பில்லாத மேட் ஃபவுண்டேஷன் போட்டால் மதியத்துக்குள் வாயோரம் கோடு கோடாக வெடிக்கும். கிளிசரினோ ஹயலுரோனிக் ஆசிடோ உள்ள லேசான ஜெல் மாய்ஸ்சரைசரை இரண்டு வாரம் தொடர்ந்து போட்டுவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள்.

எண்ணெய்ச் சருமத்துக்கு எண்ணெய் சேராத, லேசான மேட் திரவம் சரி. சிலிக்கா, காவோலின் போன்றவை எண்ணெயை உறிஞ்சும். ஆனால் ‘முழு கவரேஜ்’ என்று எழுதிய கெட்டி மேட் வகை கடலோரத்துக்கு ஒத்துவராது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரிப் பக்கம் காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் வேர்வை ஆவியாகாமல் முகத்திலேயே நிற்கும். கனமான பூச்சு அதன்மேல் மிதந்து பிரியும். வறண்ட சருமத்துக்கு நீர்த்த சீரம் ஃபவுண்டேஷனோ, ஈரப் பளபளப்பு தரும் டியூயி வகைத் திரவமோ நல்லது. பவுடர் ஃபவுண்டேஷன் வேண்டாம், ஒவ்வொரு செதிலையும் எடுத்துக் காட்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் தினம் பைக்கில் போகிறவர்களுக்கும் சருமம் சட்டென்று உலரும். அவர்களும் இந்த வகையையே பார்க்கலாம். கலப்புச் சருமத்துக்கு இரண்டு பாட்டில் தேவையில்லை. மேட்டுக்கும் டியூயிக்கும் நடுத்தரமான சாட்டின் வகை ஒன்றை வாங்கி, எண்ணெய் வரும் இடத்தில் மட்டும் பவுடர் அழுத்துங்கள். எரிச்சல் வரும் சருமம் என்றால் வாசனை சேர்க்காததாகப் பார்த்து, காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் கவனித்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஃபார்முலா தேர்வில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கீழே போடும் சன்ஸ்கிரீன், பிரைமரோடு (ஃபவுண்டேஷனுக்கு முன் தடவும் அடிப்பூச்சு) ஃபவுண்டேஷன் ஒத்துப்போக வேண்டும். லேபிளில் முதல் ஐந்தாறு பெயர்களைப் படியுங்கள். தண்ணீர் முதலில் இருந்தாலும், அடுத்தடுத்து ‘கோன்’ (cone), ‘சிலாக்சேன்’ (siloxane) என்று முடியும் பெயர்கள் வந்தால் அது சிலிக்கோன் வகை. அப்படி எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் தண்ணீர் வகை. இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கினால், தேய்க்கும்போது அழிரப்பர் தூள் போலத் திரண்டு உதிர வாய்ப்பு அதிகம். கடையிலேயே, உங்கள் சன்ஸ்கிரீனில் ஒரு துளியைப் புறங்கையில் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, அதன்மேல் ஃபவுண்டேஷனைத் தேய்த்துப் பாருங்கள். திரண்டால் அந்தப் பாட்டில் உங்களுக்கு வேண்டாம்.

ஷேட் பார்க்கும் இடம் கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள தாடை எலும்பு ஓரம். நெருக்கமான மூன்று ஷேடுகளை ஒரு விரல் அகலத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் கோடு போடுங்கள். உடனே முடிவு செய்யாமல் கடைக்கு வெளியே வந்து, நிழலில் நின்று, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். அப்படியே ஒரு மணி நேரம் பஜாரில் மற்ற வேலையை முடித்துவிட்டு வாருங்கள். முகத்து எண்ணெயோடு கலந்து காயும்போது பல ஃபவுண்டேஷன்கள் ஒரு படி கருக்கும். எண்ணெய்ச் சருமத்தில் இது அதிகம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எந்தக் கோடு கழுத்தோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேட். மஞ்சள் தேய்த்துக் குளித்த அன்று இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு ஷேட் குறைத்து வாங்குவதை நாங்கள் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டோம். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் மேல் வெளிர் ஷேடு பூசினால் சிவப்பாகத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும். சரியான அடர்த்தியில் வாங்கியும் சாம்பல் தட்டினால் அண்டர்டோன் (தோலுக்குள் ஓடும் சாயல்) தவறு: உங்கள் சருமத்தில் மஞ்சளோ பொன்னிறமோ ஓடும்போது இளஞ்சிவப்பு சாய்வுள்ள பாட்டிலை எடுத்திருப்பீர்கள். மணிக்கட்டு நரம்பின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை கறுத்த சருமத்தில் சரியாகப் பிடிபடாது; தாடைக் கோட்டையே நம்புங்கள். வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் கருமை இருந்தால் அதற்காக முழு முகத்துக்கும் ஷேடை மாற்ற வேண்டாம். ஆரஞ்சு கரெக்டரை அரிசி அளவு எடுத்து அந்த இடத்தில் மட்டும் தட்டிவிட்டு, மேலே ஃபவுண்டேஷன் போடுங்கள்.

ஃபவுண்டேஷன் போடும் அளவு குறைவாக இருக்கட்டும். சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம் போட்டு 15 நிமிடம் காயவிடுங்கள். ஃபவுண்டேஷனில் எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு அளவு) எழுதியிருந்தாலும் அதை மட்டும் நம்ப முடியாது, அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை. பிறகு முழு முகத்துக்கும் ஒரு பம்ப். மூக்கின் இரு பக்கமும் தொடங்கி வெளிப்பக்கமாக, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் தட்டுங்கள், இழுக்காதீர்கள். மறைக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் இரண்டாவது பூச்சு. இரவு வரவேற்பில் ஃபிளாஷ் போட்டோ எடுப்பார்கள் என்றால் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு அதிகமுள்ள சன்ஸ்கிரீனையும், வெள்ளை சிலிக்கா பவுடரையும் தவிர்த்துவிடுங்கள். படத்தில் முகம் வெள்ளையடித்தாற்போல் வரும்.

வேர்த்தால் துடைக்கக் கூடாது. டிஷ்யூவை வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்த பிறகே பவுடர். ஈரத்தின் மேல் பவுடர் விழுந்தால் மாவாகக் குழையும், அதைச் சரிசெய்ய முகம் கழுவுவதைத் தவிர வழியில்லை.

வாங்கும்போது உற்பத்தி உரிமம் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். திறந்த டப்பா படத்துக்குள் ‘12 எம்’ (12M) என்று இருந்தால், திறந்ததிலிருந்து 12 மாதம் என்று பொருள். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, காற்றாடும் இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு டப்பாவில் மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். கறுப்புப் புள்ளி தெரிந்த ஸ்பாஞ்சையும், குலுக்கியும் சேராமல் பிரிந்து நிற்கும் பாட்டிலையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.