'தி க்ரூசிபிள்' நாடகத்தில் பாத்திரங்களின் நோக்கத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' 1953 ஜனவரியில் நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறியது. 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில், சேலெமில் நடந்த சூனிய வழக்குகள்தான் கதைக்களம். அந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவரை நெஞ்சின்மேல் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

இந்த நாடகத்தைப் படிக்கிற மாணவர்களும் நடிக்கிற குழுக்களும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். இளம்பெண் அபிகெயிலுக்குப் பொறாமை, நிலக்காரர் புட்னமுக்குப் பேராசை, நீதிபதி டான்ஃபோர்த்துக்கு அகந்தை, விவசாயி ப்ராக்டருக்கு நேர்மை. அப்படி ஒட்டியபின் நாடகத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. மில்லரின் மனிதர்கள் ஒரே நோக்கத்தை நாலு அங்கமும் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. இந்த நிமிடம் வாயைத் திறந்தால் தனக்கு என்ன ஆகும், மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்கிற கணக்கில்தான் ஒவ்வொருவரும் பேசுகிறார்கள். அந்தக் கணக்கு காட்சிக்குக் காட்சி மாறுகிறது.

முதல் தவறு, எல்லாவற்றுக்கும் காரணம் ப்ராக்டர் மேல் அபிகெயிலுக்கு இருந்த நிறைவேறாத ஆசைதான் என்று முடிவு கட்டுவது. முதல் அங்கத்தை நிதானமாகப் படித்தால் அங்கே முந்தி நிற்பது பயம் என்பது தெரியும். பெண்பிள்ளைகள் இரவில் காட்டுக்குள் ஆடியதைப் பாதிரியார் பாரிஸ் பார்த்துவிட்டார். அவர் மகள் பெட்டி பேச்சுமூச்சில்லாமல் படுத்திருக்கிறாள். ப்ராக்டரின் மனைவி எலிசபெத் சாக வேண்டும் என்று அபிகெயில் அங்கே ரத்தம் குடித்திருக்கிறாள். அது வெளியே வந்தால் கயிறுதான்.

விசாரணை அவள் பக்கம் திரும்பியதும் வீட்டு அடிமைப் பெண்ணான டிடுபாவைக் கைகாட்டுகிறாள். அடுத்து வரும் சில நிமிடங்களை வரிசை மாறாமல் கவனியுங்கள். டிடுபா முதலில் மறுக்கிறாள். சாகும்வரை சாட்டையால் அடிப்பேன் என்கிறார் பாரிஸ். தூக்கில் போட வேண்டும் என்கிறார் புட்னம். அதற்குப் பிறகுதான் அவள் வாயிலிருந்து பிசாசு வருகிறது. பிசாசோடு யார் யாரைப் பார்த்தாய் என்று கேட்கும்போது சாரா குட், ஆஸ்பர்ன் என்ற பெயர்களை முதலில் எடுத்துக் கொடுப்பது புட்னம். சற்று நேரத்தில் டிடுபா அதே இரண்டு பெயர்களைச் சொல்கிறாள். உடனே, பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த புட்னமின் மனைவி, ஆஸ்பர்ன்தான் எனக்கு மூன்று முறை பேறுகாலம் பார்த்தவள், எனக்கு அப்போதே தெரியும் என்று கத்துகிறாள். உயிருக்குப் பயந்த ஒருத்தியின் வாயில் எவனோ வைத்த பெயர், இன்னொரு தாயின் துக்கத்துக்கு விடையாகிவிடுகிறது. அபிகெயில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒப்புக்கொண்டவளை அணைத்துக்கொள்கிறார்கள், பெயர் சொன்னவளைக் கொண்டாடுகிறார்கள் என்று புரிந்த பிறகுதான் அவள் கத்த ஆரம்பிக்கிறாள். எலிசபெத்தின் இடத்தைப் பிடிக்க இதுவே வழி என்ற எண்ணம் செயலாகி நாம் பார்ப்பது இரண்டாம் அங்கத்தில், எலிசபெத்தின் வீட்டுத் துணிப்பொம்மைக்குள் அவளைச் சிக்கவைக்கும் ஊசி கிடைக்கும்போது. பயத்தில் தொடங்கியதை ஆசை பிறகு தன் வசதிக்கு எடுத்துக்கொண்டது. நடிக்கிறவர் முதல் காட்சியிலேயே பழிவாங்கும் மோகினியாக வந்து நின்றால் இந்த வளர்ச்சி முழுக்க வீணாகிவிடும்.

இதோடு சேர்ந்தே வரும் குழப்பம், வரலாற்றையும் நாடகத்தையும் கலப்பது. உண்மையான அபிகெயிலுக்கு அப்போது 11 அல்லது 12 வயது, ஜான் ப்ராக்டருக்கு ஏறக்குறைய 60. அவர்களுக்குள் உறவு இருந்ததாக ஆவணம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு 17 வயது, அவனுக்கு முப்பதுகளின் நடு என்று மாற்றியவர் மில்லர். நாடகப் பாத்திரத்தின் நோக்கத்துக்கு நாடகத்திலேயே ஆதாரம் தேடுங்கள்.

புட்னமுக்கு நிலத்தின்மேல் கண் என்பது உண்மை. மூன்றாம் அங்கத்தில் கைல்ஸ் கோரி அதை நேராகவே சொல்கிறார். ஆனால் புட்னமின் மனைவியையும் அதே கணக்கில் சேர்ப்பது கொடுமை. ஏழு குழந்தைகளைப் பிறந்த கையோடு பறிகொடுத்தவள் அவள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நிறைந்து நிற்கும் ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டியைப் பார்க்கும்போது அவளுக்கு வயிறு எரிவதை நம்மால் புரிந்துகொள்ள முடிய வேண்டும்.

ப்ராக்டரை முதலிலிருந்தே வீரனாகக் காட்டுவது அடுத்த தவறு. சூனியம் எதுவும் இல்லை, பெட்டி பயந்துபோயிருக்கிறாள், அவ்வளவுதான் என்று அபிகெயிலே அவனிடம் முதல் அங்கத்தில் சொல்லிவிட்டாள். இரண்டாம் அங்கம் எட்டு நாள் கழித்து நடக்கிறது. அதுவரை அவன் நீதிமன்றத்துப் பக்கம் போகவில்லை. எலிசபெத் தூண்டியும் தயங்குகிறான். தனியாக இருந்தபோது சொன்னாள், சாட்சி இல்லை என்பது அவன் சொல்லும் காரணம். அபிகெயிலைத் தொட்டால் தன் கள்ள உறவும் வெளியே வரும் என்பது சொல்லாத காரணம்.

அதேபோல, கைதான மனைவியைக் காப்பாற்றத்தான் நீதிமன்றம் போனான் என்று எழுதினாலும் பாதிதான் சரி. எலிசபெத் கர்ப்பமாக இருக்கிறாள், பிரசவம் வரை தொடமாட்டோம், ஓராண்டு விட்டுவைக்கிறோம், அந்தப் பெண்பிள்ளைகள்மேல் சொன்ன புகாரை விட்டுவிடுகிறாயா என்று டான்ஃபோர்த் கேட்கும் இடம் இருக்கிறதே, நாடகத்தின் முக்கியமான சோதனை அதுதான். அவன் கேட்க வந்தது கைக்கு வந்துவிட்டது. ஆனால் கூட வந்த நண்பர்களின் மனைவிகளும் சிறையில் இருக்கிறார்கள். விடமாட்டேன் என்கிறான். இவன் நீதிமன்றத்தையே கவிழ்க்கப் பார்க்கிறான் என்ற சந்தேகம் டான்ஃபோர்த்துக்கு அதனாலேயே வலுக்கிறது.

டான்ஃபோர்த்தை வெறும் கொடூரனாக நடிப்பவர்கள் அவர் வாயாலேயே வரும் எண்ணிக்கையைக் கவனிப்பதில்லை. ஏறக்குறைய 400 பேர் சிறையில், 72 பேருக்கு மரண தண்டனை, எல்லாம் அவர் கையெழுத்தில். அந்தப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் அந்தக் கையெழுத்துகளுக்கு என்ன பெயர்? நாலாம் அங்கத்தில் தண்டனையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கும்போது, இதே குற்றத்துக்கு 12 பேர் ஏற்கெனவே தொங்கிவிட்டார்கள் என்பதே அவர் பதில். செத்தவர்களின் கணக்கு அவரைப் பின்வாங்க விடவில்லை. அவர் குரலை உயர்த்தாமல் பேசும்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

சூனியத்தைக் கண்டறிய அழைக்கப்பட்ட ஹேல் பாதிரியார் திருந்திவிட்டார் என்று சொல்லி நிறுத்துவதும் போதாது. கனத்த புத்தகங்களைச் சுமந்து, கற்ற கர்வத்தோடு வந்தவர் மூன்றாம் அங்கத்தின் முடிவில் நீதிமன்றத்தை விட்டு வெளியேறுகிறார். ஆனால் கடைசியில், பொய்யாகவாவது ஒப்புக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று கைதிகளிடம் கெஞ்சுகிறார். அதில் அவர்கள் மீதான இரக்கமும் உண்டு, தன் தலையில் விழுந்த ரத்தப்பழியைக் கழுவும் தவிப்பும் உண்டு.

அமெரிக்காவில் 1950-களில் நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையோடு இந்த நாடகத்துக்கு உள்ள தொடர்பு மறுக்க முடியாதது. அதற்காக டான்ஃபோர்த்தை அந்த வேட்டையின் முகமான செனட்டர் மெக்கார்த்தி என்றும் ப்ராக்டரை மில்லர் என்றும் பெயர் மாற்றி எழுதிவிடாதீர்கள். மில்லர் நாடாளுமன்ற விசாரணைக்குழு முன் நின்று பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்தது 1956-ல். ப்ராக்டர் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மேடையில் மறுத்துவிட்டான்.

கடைசியாக எலிசபெத். கோபம் ஆறாத மனைவி என்றோ பொறுமையின் சிகரம் என்றோ அவளை ஒதுக்கிவிடுகிறார்கள். பொய்யே சொல்லாதவள் என்று கணவன் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த அதே வேளையில், அவன் தானே ஒப்புக்கொண்ட கள்ள உறவை, அவன் மானத்தைக் காக்க, இல்லை என்று அவள் பொய் சொல்கிறாள். அந்தப் பொய்தான் அவனைச் சிக்கவைக்கிறது. நாலாம் அங்கத்தில், பொய் வாக்குமூலத்தைக் கிழித்துவிட்டுத் தூக்குக்குப் போகும் அவனை மன்றாடி மனம் மாற்றச் சொல்லி ஹேல் கதறும்போது அவள் அசையாமல் நிற்பதை மனக்கசப்பாக நடித்தால் காட்சி கெட்டுவிடும். தன்னுடைய குளிர்ந்த சுபாவமும் அவன் தவறுக்கு ஒரு காரணம் என்று சற்றுமுன்தான் அவனிடம் ஒப்புக்கொண்டவள் அவள். அத்தனை நாள் அவனுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தவள், இந்த ஒரு முடிவை அவனே எடுக்கட்டும் என்று விடுகிறாள்.