நகர மன்றம் முடிவெடுக்கும்போது நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து மனையில் எட்டு மாடிக் கட்டடம் வரப்போவதாக ஒரு நாள் அறிவிப்புப் பலகை நட்டிருப்பார்கள். தெருவே திரண்டுவிடும். கையெழுத்து வாங்குவார்கள், கவுன்சிலரைப் போய்ப் பார்ப்பார்கள், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வரிசையாக எழுந்து ஆவேசமாகப் பேசுவார்கள். சில வாரங்களில் அனுமதி கிடைத்துவிட்டதாகச் செய்தி வரும். "எல்லாம் முன்னாடியே பேசி முடித்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டே கலைந்து போவார்கள்.

முன்னாடியே முடிந்துவிட்டது என்பது பல சமயம் உண்மைதான். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைத்த ஒரு கூட்டத்தில் அது முடிந்திருக்கும். அன்றைக்குப் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்திருக்கும். நிலம், வீடு, தெரு பற்றிய நகர மன்ற முடிவுகளில் மக்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பலகை வந்த பிறகு விழித்துக்கொள்வது

நகர வளர்ச்சி குறித்த முடிவுகள் பொதுவாக மூன்று அடுக்குகளில் நடக்கும். முதலில் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். நகரம் அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் எந்தப் பக்கம் வளரலாம், எங்கே சாலை, எங்கே பூங்கா, எங்கே அடர்த்தியான குடியிருப்பு என்று அது சொல்லும். அப்புறம் அந்தத் திட்டத்தை ஒட்டிய மண்டல வரைபடமும் விதிகளும். ஒவ்வொரு மனையிலும் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம் என்பது அதில் இருக்கும். கடைசியில்தான் தனித்தனிக் கட்டட அனுமதி.

மூன்றாவது அடுக்கில் மன்றத்தின் கை பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கும். விண்ணப்பம் விதிகளுக்கு உட்பட்டிருந்தால், 'மக்களுக்குப் பிடிக்கவில்லை' என்ற காரணத்தை மட்டும் வைத்து மறுக்க முடியாது. மறுத்தால் விண்ணப்பதாரர் மேல்முறையீட்டுக்குப் போவார், ஜெயித்தும் வருவார். அந்த எட்டு மாடி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு உண்மையில் விடை எழுதப்பட்டது இரண்டாவது அடுக்கில். பலகையைப் பார்த்துத் திரண்ட மக்கள் நடந்து முடிந்த தேர்வுக்கு விடைத்தாளோடு வந்து நிற்கிறார்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் அங்கே தனித்தனியாக இருந்த எட்டு உள்ளாட்சி அமைப்புகளை ஒன்றாக இணைத்து ஒரே நகர மன்றம் ஆக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகள் ஒரே திட்டத்துக்கான வரைவு, ஆட்சேபணைகள், விசாரணைகள் என்று நீண்டன. 2016-இல் நடைமுறைக்கு வந்த திட்டம், குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் முன்பைவிட அதிக வீடுகள் கட்ட வழிவிட்டது. நகரத்தின் முகத்தையே மாற்றிய அந்த விவாதத்தில் வாய் திறக்க வேண்டிய காலம் அந்த இடைப்பட்ட ஆண்டுகள்தான். 2016-க்குப் பிறகு மிஞ்சியது ஒவ்வொரு கட்டடமாகப் போராடும் வேலை.

ஆகவே உங்கள் நகரத்தின் முழுமைத் திட்டம் எப்போது மறுபரிசீலனைக்கு வருகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முன்பு குழுக்கள் கூடும்; அந்தக் குழுவின் முன் அதிகாரிகள் ஓர் அறிக்கை வைப்பார்கள். என் பார்வையில் அந்த அறிக்கைதான் இந்த விஷயத்திலேயே முக்கியமான காகிதம். கவுன்சிலர்கள் பெரும்பாலும் அதன் பரிந்துரையை ஒட்டியே கை தூக்குகிறார்கள்.

வரைபடத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பது

மஞ்சள் என்றால் குடியிருப்பு, சிவப்பு என்றால் வணிகம் என்று நிறத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்தை மடித்து வைத்துவிடுகிறோம். வீடு எழும்புமா எழும்பாதா என்பதை விதிப் புத்தகத்தின் உள்ளே இருக்கும் எண்கள்தான் தீர்மானிக்கின்றன. தளப் பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண்), மனையில் எவ்வளவு பங்கைக் கட்டடம் மூடலாம் என்ற அளவு, பக்க இடைவெளி, உயர வரம்பு, மனையின் குறைந்தபட்சப் பரப்பு, வாகன நிறுத்த இடம் என்று எல்லாமே சலிப்பூட்டும் எண்கள். ஆனால் ஒன்று மாறினால் தெருவே மாறும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 400 சதுர மீட்டர் மனை. தளப் பரப்புக் குறியீடு 1.5 என்றால், எல்லா மாடிகளையும் சேர்த்து 600 சதுர மீட்டர் கட்டலாம். ஆனால் மனையில் பாதியைத்தான் மூடலாம், இரண்டு மாடிக்கு மேல் போகக் கூடாது என்று வேறு இரண்டு விதிகள் இருந்தால், மாடிக்கு 200 வீதம் 400 சதுர மீட்டரோடு முடிந்துவிடும். 600 என்பது தாளில் மட்டும் இருக்கும். சரி, உயர வரம்பை மூன்று மாடியாகத் தளர்த்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படி, நடைவழியைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் தலா 75 சதுர மீட்டரில் எட்டு வீடுகள் அமையும். இப்போது வாகன விதி வருகிறது: வீட்டுக்கு ஒன்றரை கார் இடம். மொத்தம் 12 கார்கள். ஒரு காரை நிறுத்தவும் அதைத் திருப்பி எடுக்கவும் ஏறக்குறைய 25 சதுர மீட்டர் வேண்டும் என்றால், 300 சதுர மீட்டர். மனையில் திறந்த இடமாக மிஞ்சியிருப்பது 200. ஒரு செடிகூட வைக்காமல் அத்தனையையும் காருக்கே கொடுத்தாலும் எட்டு கார்தான் நிற்கும். அதாவது ஐந்து வீடுகள். அல்லது நிலத்தைத் தோண்டி அடித்தளம் கட்டி, அந்தச் செலவையும் வாங்குபவர் தலையிலேயே வைக்க வேண்டும்.

எட்டு வீடுகளில் மூன்றைக் காணாமல் போகச் செய்தது உயர வரம்பு அல்ல, கார் நிறுத்த விதி. அதைப் பற்றி யாரும் கூட்டத்தில் எழுந்து பேசியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகர மன்றம் 2018-இல், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த மனைகளில் மூன்று வீடுகள் வரை அனுமதிக்கும் திட்டத்தை நிறைவேற்றியது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட முடிவு அது. ஆனால் அதற்குப் பிறகு அங்கே எழுந்த புதிய வீடுகளில் பெரும்பங்கு, போக்குவரத்துத் தடங்களை ஒட்டி வந்த பெரிய அடுக்குமாடிகளில்தான் இருந்தது. மூன்று வீட்டுக் கட்டடங்கள் கொஞ்சமே வந்தன. கட்டாயக் கார் நிறுத்த விதியை அந்த நகரம் 2021-இல் முழுவதுமாக நீக்கியது. தலைப்புச் செய்தியில் வந்த விதியைவிட, அதற்குப் பின்னால் இருந்த விதிகள் அதிகம் வேலை செய்தன.

மண்டலச் சட்டமே இல்லாத பெருநகரம் என்று பெயர் வாங்கிய, அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் மனையின் குறைந்தபட்சப் பரப்புக்கு விதி இருந்தது. 1998-இல் நகரின் உள்வட்டச் சாலைக்குள் அந்த வரம்பை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடி வரை இறங்க விட்டார்கள். ஒரு பழைய வீடு இருந்த மனையில் மூன்று நான்கு ஒட்டு வீடுகள் எழுந்தன. மாறியது ஓர் எண் மட்டும்.

எடுபடாத காரணத்தைப் பேசுவது, அறையில் இல்லாதவர்களை மறப்பது

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகம் கேட்கும் வாக்கியங்கள் இரண்டு: "எங்கள் வீட்டு மதிப்பு குறையும்", "எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறையும்". இங்கிலாந்தின் திட்ட நடைமுறையில் இந்த இரண்டுமே பொதுவாகக் கணக்கில் எடுக்கக்கூடிய காரணங்கள் இல்லை. வெளிச்சம் தடைபடுவது, அந்தரங்கம் கெடுவது, போக்குவரத்து, இரைச்சல், வெள்ளநீர் வடிகால் போன்றவை கணக்கில் வரும். நாட்டுக்கு நாடு பட்டியல் மாறலாம். எந்தக் காரணத்தைச் சட்டம் ஏற்கிறது என்று முன்கூட்டியே பார்த்து அந்த மொழியில் பேசுபவரின் ஒரு பக்கக் கடிதம், ஒரே வாசகத்தை அச்சடித்த ஐந்நூறு கடிதங்களைவிட அதிகம் செய்யும். "டிராஃபிக் அதிகமாகும்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தச் சந்திப்பில், எந்த நேரத்தில், பள்ளிக் குழந்தைகள் எந்தப் பக்கம் கடக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதை அதிகாரி தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று உண்டு. கூட்டத்துக்கு வந்தவர்களே ஊர் என்று நினைத்துக்கொள்வது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து நகரங்களின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, எழுந்து பேசியவர்களில் வயதானவர்களும் ஆண்களும் சொந்த வீட்டுக்காரர்களும் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகமாக இருந்தார்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் புதிய வீடுகளை எதிர்த்தார்கள். இதில் ஆச்சரியம் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர் அடுத்த ஆண்டு அங்கே இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. இரவு வேலைக்குப் போகிறவரால் மாலைக் கூட்டத்துக்கு வர முடியாது. நாளைக்கு அந்தக் கட்டடத்தில் குடியேறப் போகும் குடும்பத்துக்கு இப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது.

மண்டல விதிகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்று புரியும். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம், எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியேறலாம் என்று சட்டமே போட்டிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் அதைத் தூக்கி எறிந்தது. ஆனால் 1926-இல் யூக்ளிட் ஊராட்சி வழக்கில் அதே நீதிமன்றம் மண்டல விதிகளை ஏற்றது. தனி வீட்டுப் பகுதியில் வரும் அடுக்குமாடி ஓர் ஒட்டுண்ணி என்றே அந்தத் தீர்ப்பு எழுதியது. நிறத்தின் பெயரைச் சொல்லாமலே பெரிய மனை, தனி வீடு என்ற விதிகளால் ஏழைகளையும் கறுப்பின மக்களையும் பல நகரங்கள் வெளியே நிறுத்தின. "எங்கள் பகுதியின் தன்மை கெடும்" என்று ஒருவர் பேசும்போது, யார் வந்தால் கெடும் என்று அவர் நினைக்கிறார் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். வேலைக்குப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் வாழ ஒரு குடும்பத்துக்கு உள்ள உரிமை, எனக்கு என் தெருவின் பழைய தோற்றத்தைவிடப் பெரியது.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் மனு கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. வாடகைச் சட்டம், நெடுஞ்சாலை, ரயில் போன்றவை பல நாடுகளில் நகர மன்றத்தின் கையில் இல்லை. ஜப்பானில் மண்டல வகைகளையே தேசியச் சட்டம்தான் வரையறுக்கிறது. 2018 முதல் அவை 13. எந்த இடத்துக்கு எந்த வகை என்பதை மட்டும் உள்ளாட்சி முடிவு செய்கிறது. தவறான கதவைத் தட்டினால் மாதங்கள் வீணாகும்.

நலவாழ்வைத் தனிக் கணக்காக வைப்பது

வீட்டு எண்ணிக்கை ஒரு கோப்பில், பூங்காவும் நூலகமும் இன்னொரு கோப்பில் என்று பிரித்துவிடுகிறோம். நிதி குறையும்போது இரண்டாவது கோப்புதான் முதலில் மூடப்படும். 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். தனியாக வாழ்ந்த முதியவர்கள் அவர்களில் அதிகம். நார்த் லான்டேலும் சவுத் லான்டேலும் அடுத்தடுத்த பகுதிகள், இரண்டிலும் வறுமை, இரண்டிலும் தனித்து வாழும் முதியவர்கள். ஆனால் வடக்குப் பகுதியில் இறப்பு விகிதம் பல மடங்கு அதிகம். தெற்கில் கடைகளும் நடமாட்டமும் இருந்தன. முதியவர்கள் வெளியே வந்தார்கள், அவர்களைப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். வடக்கில் கைவிடப்பட்ட கட்டடங்களும் வெற்று மனைகளும். கடை இருக்கலாமா கூடாதா, நடைபாதை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் மண்டல விதிதானே. அது உயிர் பற்றிய முடிவும்கூட.

வியன்னா இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது. 1923-இல் பணக்காரர்கள் அதிகம் கட்டும்படியான ஒரு வீட்டு வரி போட்டு, அந்தப் பணத்தில் நகராட்சியே குடியிருப்புகள் கட்டியது. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும், சுமார் 1,400 வீடுகள் கொண்ட வளாகம். மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மீதி முழுக்க முற்றமும் தோட்டமும். குழந்தைகள் பள்ளி, சலவைக் கூடம், நூலகம், பல் மருத்துவமனை எல்லாம் உள்ளேயே இருந்தன.

தீர்மானம் நிறைவேறியதும் வீட்டுக்குப் போய்விடுவது

அனுமதி என்பது நிபந்தனைகளோடு வரும் காகிதம். அந்த நிபந்தனைகள் நிறைவேறினவா என்று பார்க்க ஆள் இல்லை என்றால் அவை காகிதத்திலேயே இருக்கும். லண்டனில் நகராட்சிக்குச் சொந்தமான 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தைப் புதுப்பித்தபோது, வெளிப்புறத்துக்கு முதலில் நினைத்திருந்த துத்தநாகப் பலகைகளுக்குப் பதிலாகச் செலவு குறைந்த, எளிதில் எரியும் நெகிழி உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகைகளைப் பொருத்தினார்கள். தீப் பாதுகாப்பு பற்றிக் குடியிருப்பவர்கள் ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தார்கள். 2017 ஜூன் 14 அதிகாலைத் தீயில் 72 பேர் இறந்தார்கள்.

பராமரிப்புப் பணத்தை யாரும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தின் ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பு சாட்சி. 1950-களில் 11 மாடிகளில் 33 கட்டடங்கள் எழுந்தன. பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நகரம் சுருங்கியது, குடியிருந்தவர்களின் வருமானம் குறைந்தது, பழுதுகள் அப்படியே கிடந்தன. 1972-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே தீர்மானம் நிறைவேறிய வாரத்திலேயே அதன் நகலையும் நிபந்தனைப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எந்தத் துறை பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், கட்டுமானப் பொருளையோ வரைபடத்தையோ இடையில் மாற்றினால் திரும்ப யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த குழுக் கூட்டத்தின் அஜெண்டாவில் அதைச் சேர்க்கச் சொல்லி உங்கள் கவுன்சிலருக்குக் கடிதம் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.