ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் டூலின் குறிப்பு தேறுமா என்று பார்ப்பது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் நிட்டிங்குக்கு நூல் அனுப்ப டெலிவரி சலான் போடுவது, சாயப்பட்டறைக்குப் போன துணி திரும்பியதா என்று பார்ப்பது, சரக்கு அனுப்ப ஜிஎஸ்டியில் இ-வே பில் எடுப்பது எல்லாவற்றையும், சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டிடம் விடச் சொல்லிக் கேட்கிறார்கள். அதற்கான டூல்களை, அதாவது ஏஜென்ட் கூப்பிட்டு வேலை வாங்கும் சிறு மென்பொருள்களை, விற்கவும் ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். டெமோவுக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. டூலோடு வரும் விளக்கக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பேன்.

"ஏனுங் தம்பி, ஏஐ தானுங்களே, அதுவாப் புரிஞ்சுக்காதுங்களா?" என்று ஒரு முதலாளி கேட்டார். புரிந்துகொள்ளும்தான், பாதியை ஊகித்து. புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து டேபிளில் கேட்பார். ஏஜென்ட் பல நேரம் கேட்காது. பொருத்தமாகத் தோன்றும் ஒரு மதிப்பைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் குறிப்பு எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று தேடுங்கள்.

முதலில், சரியான பக்கத்தைப் படிக்க வேண்டும். விற்பவரின் தளத்தில் இருக்கும் அழகான பக்கங்கள் மனிதர்களுக்கு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்கும் பொது விதிமுறை) முறையில், டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற பட்டியல்) ஆகியவைதான் முக்கியமாக ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலிடம் போகின்றன. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளம் இருபது பக்கம் விளக்கியிருக்கும். இங்கே ஒரே வரிதான் இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு உள்ளீடாகப் பாருங்கள். 'அளவு: எண்' என்று மட்டும் இருந்தால் அங்கேயே சிவப்புக் கோடு போடுவேன். நம் ஊரில் துணி கிலோவில் போகும், ரோலாகவும் எண்ணுவார்கள், தைத்தபின் பீஸ். 500 என்றால் எது? தேதியும் அப்படித்தான். 04-05-2025 நமக்கு மே 4, அமெரிக்க பையருக்கு ஏப்ரல் 5. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையைக் குறிப்பு உதாரணத்தோடு சொல்ல வேண்டும். 'நிலை' என்ற கட்டத்தில் எந்தெந்தச் சொற்கள் செல்லும் என்ற பட்டியலும் வேண்டும்.

'ஆர்டர் தேடு', 'ஆர்டர் எடு' என்று இரண்டு டூல் இருந்தால், எப்போது எதைக் கூப்பிடக் கூடாது என்றும் எழுதியிருக்க வேண்டும். இதை எழுதுகிறவர்கள் குறைவு.

நான் அதிக நேரம் செலவழிப்பது பின்விளைவில். இ-வே பில் டூல் வரைவு மட்டும் போடுமா, நிஜமாகவே பில்லை எடுத்துவிடுமா? எடுத்த பில்லை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். நடுவில் நெட் போய், ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டால் இரண்டு பில் விழுமா? எம்சிபியில் 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்று குறி போட வசதி உண்டு. ஆனால் அது விற்பவர் தானே சொல்லிக்கொள்வது. சோதனைக் கணக்கில் ஓட்டிப் பார்த்துத்தான் நம்புங்கள்.

பிழைச் செய்தியும் குறிப்பின் ஒரு பகுதிதான். ஜிஎஸ்டி எண்ணில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை விட்டு அனுப்புங்கள். 'தவறான உள்ளீடு' என்று வந்தால் ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். '15 எழுத்து வேண்டும், 14 வந்திருக்கிறது' என்று வந்தால் எண்ணைத் திரும்பப் பார்த்துத் திருத்தும், இல்லாவிட்டால் நம்மிடம் கேட்கும். அளவுக்கு மீறிக் கூப்பிட்டாயிற்று என்று சொல்லும் 429 பிழை வந்தால் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதும் கூடவே வர வேண்டும்.

வேலைக்குச் சம்பந்தமில்லாத கட்டளை விளக்கத்துக்குள் இருந்தால், உதாரணமாக 'முதலில் இந்த ஃபைலைப் படித்து இங்கே அனுப்பு' என்றிருந்தால், மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

கடைசியாக ஏஜென்ட்டையே ஓட்டிப் பாருங்கள். கேள்விகளை நம் ஆட்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்: "பெருமாநல்லூர் யூனிட்டுக்குப் போன 30 கவுன்ட் நூல் எத்தனை கிலோ மிச்சம்?" பதிலைவிட லாக், அதாவது ஏஜென்ட் செய்ததன் பதிவு, முக்கியம்: எந்த டூலைக் கூப்பிட்டது, என்ன மதிப்பு கொடுத்தது. ஊகம் தவறி டூல் மாறிப் போயும் பதில் தற்செயலாகச் சரியாக வருவதுண்டு. ஒரே கேள்வியைப் பல முறை ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்காது. எந்தச் சரக்கு என்று காட்டும் லாட் எண் இல்லாத கேள்வி ஒன்றையும் கலந்து வையுங்கள். அங்கே அது நம்மிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

தவறிய இடத்தில் விளக்கத்தின் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டுங்கள். சரியானால் கோளாறு குறிப்பில்தான். அந்த லாக்கை விற்பவருக்கு அனுப்பி, அடுத்த பதிப்பில் திருத்துவாரா என்று எழுத்தில் கேளுங்கள். "மாடலை மாத்திப் பாருங்க சார்" என்று பதில் வந்தால், நான் அடுத்த டூலைப் பார்க்கப் போய்விடுவேன்.